கத்தி இறங்காத ரொட்டி

திஸா ஆறு எங்கே போகிறோம் என்பதையே மறந்துவிட்டதுபோல் வளைந்து வளைந்து ஓடுகிற ஹங்கேரிச் சமவெளியில், கோதுமை வயல்களுக்கு நடுவே கிஷ்தோ என்று ஓர் ஊர் இருந்தது. ரஷ்யச் சிப்பாய்கள் சட்டி பானை மெத்தையோடு கடைசி ரயிலேறிப் போன அந்தக் கோடையில், அந்த ஊரில் ஒரு ரொட்டி தன்னை வெட்டவிட மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. நன்றாக வெந்த ரொட்டிதான். விரலால் அமுக்கினால் குழந்தையின் கன்னம்போல் குழிந்து மறுபடி எழும்பியது, அடுப்பிலிருந்து எடுத்த சூடு ஆறவே இல்லை, வாசனை வயல் தாண்டிப் பக்கத்து ஊர்வரை போனது, கத்தி மட்டும் இறங்கவில்லை. அதைப் பார்த்து யாரும் மயங்கி விழவில்லை. கத்தி மொக்கை என்றார்கள்.

ரொட்டியைச் சொல்லும் முன் அந்த நாளைச் சொல்ல வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் குதிரையும் கூடாரமுமாக அலைந்த சனங்களை ஒரு நாடாகக் கட்டி, முதன்முதலில் தலையில் கிரீடம் வைத்துக்கொண்ட ராஜா இஷ்த்வான்; அவர் இறந்து வெகுகாலம் கழித்து அவரைப் புனிதர் என்று அறிவித்த நாள் ஆகஸ்ட் இருபது. பிறகு கட்சி ஆட்சி வந்தது. புனிதரை இறக்கிவைத்துவிட்டு, அதே தேதிக்கு அரசியல் சாசன நாள் என்று பெயர் வைத்தது. சாசனத்தைப் பார்க்க யார் கூடுவார்கள் என்று யோசித்து, அறுவடைச் சனங்கள் எப்போதும் சுடுகிற புது ரொட்டியைத் தூக்கி மேடையில் வைத்து, புது ரொட்டி நாள் என்றும் சேர்த்துக்கொண்டது. நம் பக்கத்துப் புத்தரிசிப் பொங்கல் மாதிரி, புதுக் கோதுமையில் அரைத்த முதல் மாவு. கட்சி போன பிறகு புனிதர் திரும்பி வந்தார், ரொட்டியும் போகவில்லை. அந்த வருஷம் கிஷ்தோவில் இரண்டும் ஒன்றாகக் கொண்டாடப்பட்டன: பாதிரியார் ரொட்டியை ஆசீர்வதிப்பார், ஊர்த்தலைவர் சிவப்பு வெள்ளை பச்சை ரிப்பனை அவிழ்ப்பார், ஊரில் ஒருவர் விடாமல் ஆளுக்கொரு துண்டு.

அந்த ரொட்டிக்கு மாவு பிசைவது யார் என்பதில் கிஷ்தோவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுத் தொட்டிலில் கடைசியாகக் குழந்தை வந்ததோ, அந்தத் தாய்தான் பிசைய வேண்டும். பால் ஊறுகிற உடம்பின் கைச்சூட்டில் மாவு நன்றாகப் பொங்கும் என்பார்கள். அந்த வருஷக் கடைசிக் குழந்தை போரியின் மகள் யூலி. அங்கேதான் சிக்கல் வந்தது, ஏனென்றால் போரி பரண்பெருக்கியின் மருமகள்.

அவளுடைய மாமனார் கெர்கெலிக்கு ஊர் வைத்த பெயர் அது. கட்சி ஆட்சியின் ஆரம்ப வருஷங்களில் விவசாயிகள் அரசாங்கத்துக்கு இத்தனை மூட்டை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் போட்டு, கொடுக்க முடியாதவர்களின் வீட்டில் கூரைக்கடியில் தானியம் கொட்டிவைக்கும் பரணில் ஏறி, விதைக்கு வைத்ததையும் விடாமல் வழித்தெடுத்துப் போனார்கள். உத்தரவோடு வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். விளக்குமாற்றைப் பிடித்தவர் உள்ளூர்க்காரர், மீசை அரும்பிய வயதுக் கெர்கெலி. முதலில் தன் அம்மாவின் பரணைப் பெருக்கினார், பிறகு ஊர் முழுவதும். உத்தரவோடு வந்தவர்களின் முகத்தை ஊர் மறந்துவிட்டது. அந்த விளக்குமாற்றை மறக்கவில்லை. அவர் ரயில்வே கேட் காவலாளாகி, ஊர் எல்லையில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டுக்குப் போனார், கல்யாணம் பண்ணினார், மனைவியைப் பறிகொடுத்தார், தலை நரைத்தார். அத்தனை காலத்திலும் கிஷ்தோவில் யாரும் அவர் கைக்கு ஒரு ரொட்டித் துண்டை நீட்டவில்லை. யாரும் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அவர் வந்தால் பேச்சு நிற்கும், போனால் தொடங்கும். அவ்வளவுதான்.

வேற்றூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த போரிக்கு இந்தப் பழங்கதையில் பெரிய பாரம் ஒன்றும் இல்லை. எதற்கும் சிரிக்கிறவள், கை ஓயாதவள், வாத்துகளோடும் வாளியோடும் பேசுகிறவள். ஆனால் யூலி பிறந்த அன்று, பிரசவம் பார்த்த அம்மாள் சன்னலைத் திறந்து தெருவில் நின்றவளிடம், "பரண்பெருக்கிக்குப் பேத்தி" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அதற்குள் ஒரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அன்றிலிருந்து போரிக்கு ஒரே நினைப்பு: இந்தப் பெயர் என் மகளோடு பள்ளிக்கூடம் போகக் கூடாது.

அதனால்தான் ஊர்த்தலைவர் லாயோஷ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து நின்றபோது அவள் பேரம் பேசத் தயாராக இருந்தாள்.

"வழக்கம் வழக்கம்தான், நீதான் பிசையணும்," என்றார் லாயோஷ். "ஆனா அன்னிக்கு உங்க மாமனார் சதுக்கத்துக்கு வந்தார்னா..."

"வர மாட்டார், தலைவரே. நான் பாத்துக்கறேன்."

"ரோசால் நேனி முகத்துக்கு நேரே அவர் வந்து நின்னா நல்லா இருக்காது, பாரு."

நேனி என்றால் அங்கே அத்தை மாதிரி. பெயருக்குப் பின்னால் முறை சேர்த்துத்தான் மூத்தவர்களைக் கூப்பிடுவார்கள். ரோசால் நேனியின் பரண் வழிக்கப்பட்ட குளிர்காலத்தில் அவளுடைய கைக்குழந்தை இறந்துபோனது. ஊரில் யாருக்குக் கெர்கெலியைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தாலும் ரோசால் நேனியின் பெயரைச் சொல்லித்தான் சொல்வார்கள்.

போரி சூப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு கேட் வீட்டுக்குப் போனாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்த வீட்டிலேயே இருக்க விட்டிருந்தார்கள் கெர்கெலியை. அவர் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு உதவி. இந்தத் திருநாளுக்கு மட்டும் நீங்க வெளிய வராம வீட்டுக்குள்ளயே இருந்துருங்க. யூலிக்காக."

"நான் எப்பம்மா திருநாளுக்கு வந்தேன்?"

"இல்ல, இந்த வாட்டி பாதிரியார் எல்லாரையும் கூப்பிடறார். நீங்க கிளம்பிடக் கூடாதேன்னு."

அவர் குச்சியை மண்ணில் அழுத்திவிட்டு எழுந்தார். கதவுப் பக்கத்தில் ஆணியில் துவைத்துத் தேய்த்த சட்டை ஒன்று தொங்கியது. அதைப் போரி பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் எடுத்து உள்ளே வைத்தார். "சரிம்மா," என்றார். போரி பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினாள். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று கணவன் மிஷ்காவிடம் சொன்னாள். மிஷ்கா பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பற்றி அவன் எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டான்.

புளித்த மாவைக் கலந்து, வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துச் சேர்த்து, இடுப்பு வலிக்க வலிக்கப் பிசைந்து, சோளத்தட்டை எரித்த களிமண் அடுப்பில் வண்டிச் சக்கரம் அளவுக்கு அவள் சுட்டெடுத்த ரொட்டியைப் பார்த்து, குறை சொல்லவென்றே வந்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். சதுக்கத்தில் கொடி, கோதுமைக்கதிர் வளையம், கொப்பரையில் கொதிக்கும் மாட்டிறைச்சிக் குழம்பு, பித்தளை வாத்தியம், பழச்சாராயம். பாதிரியார் தண்ணீர் தெளித்தார். லாயோஷ் ரிப்பனை அவிழ்த்தார், ரொட்டியைத் திருப்பி அடிப்பக்கம் கத்தி முனையால் சிலுவை கீறினார், கீறல் விழவில்லை. அழுத்தினார், வழுக்கியது. கறிக்கடைக்காரர் தன் கத்தியை நீட்டினார், அதுவும் வழுக்கியது. அரிவாள், ரம்பம், கம்பி, கடைசியில் நாலு பேர் நாலு பக்கம் பிடித்து இழுத்தும் பார்த்தார்கள். ரொட்டி மெத்தென்று வளைந்து கொடுத்து, கையை விட்டதும் பழையபடி வட்டமாகி, சூடாக, மணமாக உட்கார்ந்திருந்தது.

"குழம்பு ஆறுது," என்றார் லாயோஷ். அன்று ரொட்டி இல்லாமல் குழம்பைக் குடித்துவிட்டு, தொலைக்காட்சியில் டான்யூப் ஆற்றின் மேல் வாணவேடிக்கையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

மறுநாளும் ரொட்டி அப்படியேதான் இருந்தது, அதற்கடுத்த வாரமும். சதுக்கத்து மேசைமேல் ஒரு கூடாரம் போட்டார்கள். ஊர் அதற்குப் பழகிக்கொண்டது, வீட்டுக்கு வந்த விருந்தாளி கிளம்பாமல் தங்கிவிட்டால் பழகிக்கொள்வதுபோல. முழங்கால் வலிக்காரர்கள் வரிசையில் வந்து காலை ஒட்டவைத்துச் சூடு பிடித்தார்கள். பாதிரியாரின் பூனை ரொட்டி மேலேயே தூங்கியது. வேலைக்குப் போகிறவர்கள் கத்தியோடு வந்து ஒரு கீறு கீறிப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். வாசனையில் கைக்குழந்தைகள் அழாமல் தூங்கின, பெரியவர்களுக்கு எதைத் தின்றாலும் பசி அடங்கவில்லை.

ஆனால் வாய் சும்மா இருக்குமா. பிசைந்த கை யாருடையது என்று கேட்டது முதலில் பால் பண்ணை வாசலில், பிறகு மளிகைக் கடையில், பிறகு போரியின் முதுகுக்குப் பின்னாலேயே. "பரண்பெருக்கி வீட்டு மாவு, பின்னே?" அவள் திரும்பி, "மாவு உங்க வயல்து, தண்ணி ஊர் பம்புது, உப்பு கடைக்காரர்து. கை மட்டும்தான் என்னோடது, அதையும் சோப்புப் போட்டுக் கழுவினேன்," என்று சிரித்தாள். வீட்டுக்குப் போய் யூலியின் தொட்டில்மேல் குனிந்தபோது சிரிப்பு வரவில்லை. பெயரைக் கழற்றத்தான் மாவு பிசைந்தாள். இப்போது அது இறுகிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஒரு பழைய கதையைச் சொன்னார். இஷ்த்வான் ராஜாவைப் புனிதர் என்று அறிவிப்பதற்காக அவர் கல்லறையைத் திறக்கப் போனார்களாம், லாஸ்லோ ராஜா காலத்தில். மூடியிருந்த கல் அசையவில்லை. ஆட்கள் மாறி மாறி நெம்பியும், ராஜாவும் சனங்களும் விரதம் இருந்தும் அசையவில்லை. அப்போது ஒரு துறவிப் பெண் சொல்லியனுப்பினாள்: உன் பங்காளி ஷாலமோனைச் சிறையில் போட்டு வைத்திருக்கிறாயே, அவனை விடாமல் கல் நகராது. சண்டை போட்டு வென்று பிடித்த பங்காளியை ராஜா விட்டார். கல், பாரமே இல்லாததுபோல் எழுந்தது. அந்த நாளைத்தான் நாம் கொண்டாடுகிறோம் என்றார்.

சனங்கள் கோவிலிலிருந்து வெளியே வந்து, அடைத்துவைத்ததையெல்லாம் திறந்துவிட ஆரம்பித்தார்கள்.

முதலில் நாய்களின் சங்கிலி. பிறகு முயல் கூண்டுகள், மஞ்சள் குருவிகள், அடைக்கோழிகள். ஊர்க்காவலர் லாக்கப்பைத் திறந்தார், உள்ளே துருப்பிடித்த சைக்கிள்கள்தான் இருந்தன, அவற்றையும் தெருவில் நிறுத்தினார். லாயோஷ் தன் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தத்தை விட்டார், மகள் அவரைக் கட்டிப்பிடித்து அழுதாள். வேலித் தகராறில் வழக்குப் போட்டிருந்த அண்டை வீட்டுக்காரர்கள் வேலியைப் பிடுங்கினார்கள், இருவரின் பன்றிகளும் கலந்து புது வழக்கு வந்தது. ஒருத்தி மாமியார் பூட்டிவைத்திருந்த வெள்ளிக் கரண்டிகளை விடுவித்தாள். வாத்துகள் கோவிலுக்குள் முட்டையிட்டன. சாயங்காலம் ஆனால் எல்லோரும் கூடாரத்துக்கு வருவார்கள், யாராவது கத்தியை வைப்பார்கள், கத்தி வழுக்கும், வீட்டுக்குப் போய் இன்னும் எதைத் திறக்கலாம் என்று தேடுவார்கள்.

போரியும் விட்டாள். வாத்து, கோழி, ஊறுகாய் ஜாடி மூடி, பெட்டிக்குள் மடித்துவைத்த கல்யாணப் பாவாடை. யூலியைச் சுற்றியிருந்த துணியைக்கூடத் தளர்த்திவிட்டாள், அது காலை உதைத்துக்கொண்டு கெக்கெக்கென்றது.

"உன்கிட்ட விடறதுக்கு ஏதாவது இருக்கா?" என்று மிஷ்காவைக் கேட்டாள்.

"எனக்கென்ன இருக்கு?" என்றான், சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே.

அலைச்சலில் மாமனாரின் சாப்பாட்டை ஒரு பையனிடம் கொடுத்து வாசலில் வைக்கச் சொல்வதோடு நின்றுபோயிருந்தது, நேரில் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம் யூலியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தக்காளிச் செடியெல்லாம் கருகி நின்றது. ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற அடிபம்பு அவர் வீட்டு வாசலுக்கு எதிரே, தெருவைத் தாண்டினால் கை எட்டும். கெர்கெலி கூரைத் தகரத்தடியில் மழைக்கு வைத்த தொட்டியிலிருந்து அடித்தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது.

"என்ன மாமா இது? பம்பு ரிப்பேரா?"

"இல்லியே, நல்லாத்தான் ஓடுது. பொம்பளைங்க வந்து பிடிக்கறாங்க."

"பின்னே நீங்க ஏன் போகல?"

அவர் அவளைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "திருநாளுக்கு வெளிய வர வேணாம்னு நீதானம்மா சொன்ன."

"அது அந்த ஒரு நாளைக்கு. அது முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு."

"ரொட்டி வெட்டியாச்சா?"

"எங்க வெட்டினாங்க. அதான் ஊரே அல்லாடுது."

"வெட்டாம எப்படிம்மா திருநாள் முடியும்?" என்றார் கெர்கெலி. குறையாகச் சொல்லவில்லை, மழை வருமா என்று கேட்பதுபோல் சொன்னார்.

போரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். திறந்துவிட்ட கோழியெல்லாம், வாத்தெல்லாம், பாவாடையெல்லாம் அவள் கண்முன் வந்து போயின. ஊர் அவரை ஒதுக்கியது இருக்கட்டும், அவர்கள் அவரை உள்ளே வைத்து ஒரு கதவையும் பூட்டவில்லை. பூட்டியவள் அவள், சூப்புச் சட்டியோடு வந்து, சிரித்த முகமாக, யூலியின் பெயரைச் சொல்லி. ராஜாவுக்காவது சிறை கட்ட வேண்டியிருந்தது.

அவள் எழுந்து, பம்பில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வந்து, அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு, "அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க," என்றாள்.

"வேணாம்மா. குழந்தை பேரு கெட்டுப்போகும்."

"கெட்டா கெடட்டும். இவளைக் கொஞ்சம் பிடிங்க, எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு." குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டு, அவர் திருப்பிக் கொடுக்க முடியாதபடி முன்னால் நடந்தாள்.

வாத்துகளும் சங்கிலியில்லாத நாய்களும் அலைந்த நெடுந்தெருவில், நரைத்த தலையோடு அந்த மனிதர் பேத்தியைக் கண்ணாடிப் பாத்திரம்போல் ஏந்திக்கொண்டு வந்தார். பேச்சு நின்றது, இந்த முறை அவர் தாண்டிப்போன பிறகும் தொடங்கவில்லை. பேசாமல் பின்னாலேயே வந்தார்கள். டிராக்டர் பட்டறையிலிருந்து மிஷ்காவும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அப்பாவுக்குச் சற்றுப் பின்னால் சேர்ந்து நடந்தான். கூடாரத்தில் ரோசால் நேனி முழங்காலுக்குச் சூடு பிடித்துக்கொண்டிருந்தாள். லாயோஷ் போரியிடம் கண்ணைக் காட்டினார், கூட்டிக்கொண்டு போ என்று. அவள் பார்க்காததுபோல் நின்றாள்.

கெர்கெலிதான் பேசினார். "ரோசால் நேனி, உங்க பரணை நான் சுத்தமாப் பெருக்கினேன். மூலையில ஒரு படி விட்டிருக்கலாம். உத்தரவோட வந்தவங்க கீழ நின்னுட்டிருந்தாங்க, மேல ஏறிப் பாத்திருக்க மாட்டாங்க. விடல."

"விட்டிருக்கலாம்," என்றாள் ரோசால் நேனி.

பூனை ரொட்டியிலிருந்து குதித்து இறங்கியது.

"நான் உன்னை மன்னிக்கல," என்றாள் அவள். "செத்தாலும் மாட்டேன். அதை யாரும் எங்கிட்டக் கேக்காதீங்க, பாதிரியாரும் கேக்க வேணாம்." பிறகு லாயோஷைப் பார்த்து, கூட்டத்தையே பார்த்து, "ஆனா இவனுக்கு ரொட்டி குடுக்காதீங்கன்னு நான் எப்பய்யா சொன்னேன்? பசியில ஒரு உசிரு போறதைப் பாத்தவ நான். நான் சொல்லுவேனா அதை? நீங்களா சொல்லிக்கிட்டு, என் பேரைப் போட்டுக்கிட்டீங்க, இத்தனை வருஷம்."

லாயோஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினார். அவள் மேசையிலிருந்த கத்தியை எடுத்துப் போரியிடம் கொடுத்தாள். "பிசைஞ்சவளே வெட்டு."

போரி ரொட்டியைத் திருப்பினாள், அடியில் சிலுவை கீறினாள், கோடு விழுந்தது. நிமிர்த்தி வைத்து அழுத்தினாள். மேலோடு நொறுங்குகிற சத்தம், காய்ந்த சருகில் கால் வைத்ததுபோல், கடைசி வரிசைவரை கேட்டது. உள்ளிருந்து ஆவி எழுந்து கூடாரத் துணியை உப்பவைத்தது. யாரும் கைதட்டவில்லை. வரிசையில் நின்றார்கள், ஏனென்றால் எல்லோருக்கும் பசித்தது.

"இனிமே நாயைக் கட்டிப் போடலாமில்ல?" என்று லாயோஷ் பாதிரியாரிடம் மெல்லக் கேட்டார்.

"நாயைக் கட்டலாம். உங்க மகளை விட்டுருங்க," என்றார் பாதிரியார்.

முதல் துண்டைப் போரி மிஷ்காவிடம் கொடுத்தாள். அவன் அதை வைத்துக்கொண்டு ஏதோ கணக்குப் போடுகிறவன்போல் நின்றுவிட்டு, அப்பாவின் பக்கம் நீட்டினான். கெர்கெலியின் கை இரண்டிலும் குழந்தை இருந்தது. வாங்க முடியாமல் அவர் திணறியதைப் பார்த்து ரோசால் நேனி பெஞ்சியிலிருந்து கையை நீட்டினாள்.

"அந்தப் பரண்பெருக்கி பேத்தியை இப்படிக் குடு. நீ தின்னு."

இரண்டாவது துண்டை ரோசால் நேனி பக்கத்தில் வைத்துவிட்டுப் போரி கத்தியை நிறுத்தினாள். வழக்கமாக அந்தப் பெயரைக் கேட்டதும் காது மடலில் ஏறும் சூட்டுக்காகக் காத்திருந்தாள். ரோசால் நேனி குழந்தையை மடியில் சாய்த்து, தன் பங்கு ரொட்டியின் உள்ளே மெத்தென்ற இடமாகக் கிள்ளி, வாயில் மென்று பதப்படுத்தி, விரல் நுனியில் எடுத்து அதன் நாக்கில் தடவினாள். யூலி முகத்தைச் சுளித்தது, யோசித்தது, சப்புக்கொட்டியது, இன்னும் வேண்டும் என்று அந்த விரலைப் பிடித்து இழுத்தது.

"திங்குது பாரு, பரண்பெருக்கி பேத்தி," என்றாள் ரோசால் நேனி, தெருவில் யாரையோ வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல.

காது சுடவில்லை. வரிசை நீளமாக இருந்தது. போரி அடுத்த துண்டை வெட்டினாள்.